புது கிளட்ச் போட்டும் காடி சரியில்லையா? கியர்பாக்ஸை மறுபடி இறக்குமுன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் என் போன் அடித்தால், பெரும்பாலும் யாரோ ஒரு தம்பி காடிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுகிறான் என்று அர்த்தம். "அண்ணே, கியர்பாக்ஸ் ஏற மாட்டேங்குது. ஒரு விரல் இடைவெளி நிக்குது. போல்ட் போட்டு இழுத்துடவா?" சுங்கை சிப்புட்டில் போர்மேன் வேலை பார்த்த இத்தனை வருசத்தில் இந்தக் கேள்விக்கு என் பதில் மாறியதே இல்லை. இழுக்காதே.

எங்கள் பக்கத்தில் 1985இல் வந்த சாகா, 1992இன் இஸ்வாரா, 1993இன் வீரா, 1994இன் கஞ்சில் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. லாசா சடக்கில் போய்த் தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண் ஏற்றம். செம்பனைக் குலை லோரிக்குப் பின்னால் அரை கிளட்ச் பிடித்தே ஏற வேண்டும், கிளட்ச் தேயாமல் என்ன செய்யும்? சாமான் ஈப்போவில் கிடைக்கிறது, லயத்துக்குப் பின்னால் நிழலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் தாங்களே கழற்றி மாட்டிவிடுகிறார்கள். கழற்றுவதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. உடனே "சாமான் டூப்ளிகேட்" என்று கடைக்காரர் மேல் பழி விழும். நான் பார்த்தவரை பத்தில் எட்டு மாட்டிய விதத்தில் வந்த கோளாறுதான். அதிலும் பாதியை கியர்பாக்ஸை இறக்காமல் வெளியிலிருந்தே சரி பண்ணிவிடலாம்.

வேலை நடக்கும் வரிசையிலேயே தொல்லைகளைச் சொல்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே போய்ப் படியுங்கள்.

கியர்பாக்ஸ் முழுசாக ஏறவில்லை

முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள். நாலைந்து சென்டிமீட்டர் நின்றால், இன்புட் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு) பல்லே டிஸ்க்கின் (கிளட்ச் தட்டு) பல்லுக்குள் நுழையவில்லை. ஒரு சென்டிமீட்டர் அளவு நின்றால் பல் நுழைந்துவிட்டது, வேறு ஏதோ தடுக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பல் நுழையவில்லை என்றால் டிஸ்க் நடுவில் உட்காரவில்லை, அல்லது பல்லோடு பல் முட்டுகிறது. முட்டுவதுதான் என்றால் சுலபம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒருவர் கிராங்க் புலி போல்ட்டில் ஸ்பானர் போட்டு அது இறுகும் திசையில் மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் கியர்பாக்ஸை நேராகத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் 'சளக்' என்று உள்ளே போகும். ஹைலக்ஸ் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் டாப் கியரைப் போட்டுவிட்டு, கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டைக் கையால் திருப்பினாலே போதும்.

அப்படியும் போகவில்லை என்றால் டிஸ்க் நகர்ந்திருக்கிறது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கிளட்ச் கவரின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சென்டர் பண்ண வேண்டும். சென்டரிங் டூல் இல்லையா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாமா ஒரு பால்மரக் கட்டையைச் செதுக்கி வைத்திருந்தார். நுனி மெல்லிசாக, நடு டிஸ்க் அளவுக்கு. பழைய இரும்புக் கடையில் உடைந்த கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் அதைவிட நல்ல டூல் வேறு இல்லை. ஒரு விசயம்: புது டிஸ்க்கை இன்ஜினில் மாட்டும் முன்பே, கையில் எடுத்து இன்புட் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போய் வர வேண்டும். பல் எண்ணிக்கை வேறான டிஸ்க்கைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், ஐந்து மணி நேரம் கழித்து இல்லை.

ஒரு சென்டிமீட்டர் தடங்கலுக்கு வருவோம். விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேலே இடைவெளி குறைவு, கீழே அதிகம் என்றால் கோணம் தப்பு. கியர்பாக்ஸை எடுத்ததும் இன்ஜின் மவுண்ட்டில் சாய்ந்துவிடும், அது இயற்கை. சம்ப்புக்கு (இன்ஜின் எண்ணெய்த் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜெக்கால் இன்ஜினைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை பொறுமையாகச் சரி பண்ணுங்கள். இடைவெளி சுற்றிலும் சமமாக இருந்தால் வேறு கதை. ஒயர் கிளிப் நடுவில் மாட்டியிருக்கும், அல்லது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் மெல்லிய தகடு மடங்கியிருக்கும், அல்லது இரண்டு கூட்டையும் நேராக நிறுத்தும் டோவல் பின் துருப்பிடித்து ஓட்டையில் நுழையாது. டோவலைத் தேய்த்துச் சுத்தம் பண்ணிக் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். ஹைலக்ஸில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் காடிகள் பலவற்றில் பைலட் பேரிங்கே கிடையாது, அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

எந்த நிலையிலும் போல்ட்டை முறுக்கி இழுக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன்? கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். காது உடைந்தால் வெல்டிங் பிடிப்பது சந்தேகம். உடையாவிட்டால் டிஸ்க்கின் நடுப்பகுதி வளையும். அது இன்னும் மோசம், ஏனென்றால் கியர்பாக்ஸ் ஏறிவிடும், நீங்களும் சந்தோசமாக மூடிவிடுவீர்கள். நாளைக்குக் கியர் விழாது. அதேபோல கியர்பாக்ஸ் பாதி ஏறியிருக்கும்போது "ஒரு கோப்பி குடிச்சிட்டு வரேன்" என்று ஜெக்கை எடுத்துவிட்டுப் போகாதீர்கள். முழு எடையும் டிஸ்க்கில் தொங்கும், அதே வளைவு வரும்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழி: அதே மரை உள்ள நீளமான பழைய போல்ட் இரண்டின் தலையை அறுத்துவிட்டு, இன்ஜின் பக்கத்து ஓட்டைகளில் மேலும் கீழும் மாட்டி வையுங்கள். கியர்பாக்ஸ் அதன்மேல் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும்.

ஏறிய பிறகு, மற்றதை மாட்டும் முன், கியர்பாக்ஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் ஆர்மைக் கையால் இழுத்துப் பாருங்கள். கொஞ்சதூரம் லூசாக வந்து, பிறகு கல் மாதிரி நிற்க வேண்டும். கடைசிவரை லூசாகவே வந்தால், கவரை அழுத்தும் ரிலீஸ் பேரிங் அதைத் தள்ளும் ஃபோர்க்கை விட்டுக் கழன்றிருக்கிறது. இப்போது இறக்கினால் கால் மணி நேர வேலைதான்.

ஸ்டார்ட்டர் 'டிக்' என்கிறது, சுற்றவில்லை

பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த ஒயர் அல்லது பின்னல் பட்டை. கழற்றும்போது ஓரமாகத் தொங்கவிட்டிருப்பீர்கள், மாட்டும்போது கண்ணில் படாது.

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருசம், ஓர் இஸ்வாரா. மழை வரப்போகிறது, வண்டிக்காரர் தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ போக வேண்டும் என்று பக்கத்திலேயே நிற்கிறார். அவசரத்தில் எர்த்தை மறந்துவிட்டேன். சாவியைத் திருப்பினேன், 'டிக்'. மறுபடி திருப்பினேன், 'டிக் டிக்'. மூன்றாவது தடவை பெடல் பக்கத்திலிருந்து புகை வந்தது. நான் அப்போதுதான் மாட்டிய புது கிளட்ச் கேபிள்! ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழி இல்லாமல், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த கேபிள் கம்பி வழியாகப் போயிருக்கிறது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டது. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. கேபிள் காசை மட்டும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆகவே 'டிக்' கேட்டால் ஒரு தடவையோடு நிறுத்துங்கள். ஜம்ப்பர் ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸ் கூட்டிலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நன்றாகச் சுற்றினால் எர்த்தான் கோளாறு.

'டிக்' இல்லாமல் கரகரவென்று அரைத்தால் ஸ்டார்ட்டர் நேராக உட்காரவில்லை, அல்லது அந்த மெல்லிய தகடு வளைந்து ஃப்ளைவீல் (இன்ஜினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரம்) பல்லில் உரசுகிறது. டோவல் பின்னை விட்டுவிட்டு மாட்டியிருந்தாலும் இதே சத்தம் வரும். அது மட்டும்தான் மறுபடி இறக்க வேண்டிய வேலை.

இன்ஜின் நின்றிருந்தால் கியர் விழுகிறது, ஓடும்போது விழவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பெடலை முழுசாக மிதித்தும் கிளட்ச் பிரியவில்லை என்று அர்த்தம். கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிறுத்தியிருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுகிறதே, அதுவே கியர்பாக்ஸ் நல்லது என்பதற்குச் சாட்சி.

சோதிப்பது இப்படி. இன்ஜின் சூடாகி மெதுவாக ஓடட்டும். பெடலை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, ரிவர்ஸ் போடுங்கள். பழைய காடிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கியரை விழவைக்கும் வளையம்) கிடையாது. அதனால் கிளட்ச் துளி பிரியாவிட்டாலும் 'கர்ர்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வெளியிலிருந்து தேடுங்கள். சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் எல்லாம் கேபிள். புது டிஸ்க் தடிப்பாக இருப்பதால் பழைய செட்டிங் பொருந்தாது. கேபிள் லூசாக இருந்தால் பெடலின் பாதிப்பயணம் வீணாகிவிடும். பெடலைக் கையால் அழுத்தும்போது லூசாகப் போகும் தூரம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் இறுக்குங்கள். கேபிளின் வெளிக்கூடு அதன் இருப்பிடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தீச்சுவரில் கேபிள் பிடிக்கும் இடத்தில் தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்றும் ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய காடியில் தகடு ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஹைலக்ஸில் எண்ணெய் அழுத்தம். இரண்டு மூன்று தடவை பெடலைக் குத்திக் குத்தி மிதித்தால் கியர் விழுகிறதா? அப்படியென்றால் காற்று நுழைந்திருக்கிறது, காற்றெடுத்தால் தீர்ந்தது. குத்தியும் விழவில்லை என்றால் கீழே இருக்கும் கிளட்ச் பம்ப்பின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வர வேண்டும். வரவில்லை என்றால் பம்ப்பில் கோளாறு, நல்ல கிளட்ச்சைக் கழற்றாதீர்கள்.

கேபிள் சரி, பம்ப் சரி, ஆர்ம் முழுசாக நகர்கிறது, இருந்தும் கியர் விழவில்லை. இப்போது மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், இறக்கத்தான் வேண்டும். முதல் குற்றவாளி திருப்பி மாட்டிய டிஸ்க். ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். டிஸ்க்கிலேயே 'ஃப்ளைவீல் சைடு' என்று எழுதியிருந்தால் அந்த எழுத்துதான் கணக்கு. திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் முட்டி, பிரியவே பிரியாது. அனுபவமுள்ளவர்களும் வெயிலில் களைத்துப்போய்ச் செய்கிற தப்பு இது. இரண்டாவது, மேலே சொன்ன வளைந்த டிஸ்க். மூன்றாவது, பல்லில் அப்பிய கிரீஸ். கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தடவினால் டிஸ்க் நகராமல் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் (டிஸ்க்கில் உராயும் பகுதி) போய் உட்காரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாட்டி முடித்த காடி மழையில் ஒரு மாதம் நின்றுவிட்டு, அப்புறம் கியர் விழவில்லை என்றால் டிஸ்க் துருவில் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, ஆள் இல்லாத திடலில் இரண்டாம் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடுங்கள். இரண்டு மூன்று குலுக்கலில் விட்டுவிடும். வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

ரெவ் ஏறுகிறது, காடி ஏறவில்லை

புது கிளட்ச் வழுக்குகிறது. கேபிளை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெடலில் லூசே இல்லை என்றால் பேரிங் எப்போதும் கவரை அழுத்திக்கொண்டே இருக்கும். காலால் பாதி மிதித்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். தளர்த்தினால் சரியாகும், ஆனால் அதற்குள் லைனிங் கருகியிருக்கக் கூடாது. கருகிய வாசனையை ஒரு தடவை மோந்தால் மறக்காது.

லூசு சரியாக இருந்தும் வழுக்கினால் எண்ணெய்தான். புது கவரின் இரும்பு முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே வழுக்கும். ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தால் சீல் கசிவு. கழற்றியதும் மோந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் எண்ணெய், அதாவது இன்புட் ஷாஃப்ட் சீல். சாதாரண எண்ணெய் வாசனை என்றால் கிராங்க்கின் பின்பக்க சீல். இருபது முப்பது வெள்ளி சீலை மிச்சம் பிடித்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

புது லைனிங் பதிய முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். அதற்குள் லேசாக வழுக்குவதுபோலத் தோன்றினால் பதறாதீர்கள்.

கிளம்பும்போது உதறுகிறது

இன்ஜின் மவுண்ட் போல்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கியர்பாக்ஸை ஏற்ற அதைத் தளர்த்தியிருப்பீர்கள், கடைசியில் இறுக்க மறப்பீர்கள். ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல். தோட்டத்து மண்சடக்கில் ஓடும் காடிக்கு மவுண்ட் ரப்பர் ரொம்ப நாள் தாங்காது.

மவுண்ட் நல்லதென்றால், கவர் போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றிக்கொண்டு போய் சுமார் 20 நியூட்டன் மீட்டரில் நிறுத்த வேண்டும். ஒரு போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கவர் கோணும். சூட்டில் நீலம் பாய்ந்த ஃப்ளைவீலைக் கடைசல் கொடுக்காமல் மாட்டியிருந்தாலும் உதறும்.

சத்தம்

பெடலை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டால் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். அதற்கும் கிளட்ச்சுக்கும் சம்பந்தமில்லை, முன்பும் இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் எண்ணெய் ஊற்றினீர்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், ஊற்றாமல் ஈப்போ வரை போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். சாகா மாதிரி காடிக்குச் சுமார் 2 லிட்டர், கியர்பாக்ஸின் பக்கவாட்டு ஓட்டையில் வழியும்வரை. பழைய பித்தளை சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ரகக் கியர் எண்ணெய் வாங்குங்கள். விலை கூடுதல் என்பதற்காக ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்து ஊற்றாதீர்கள்.

சில்லறைத் தொல்லைகள்

மீட்டர் முள் அசையவில்லை என்றால் கியர்பாக்ஸ் மேலே மீட்டர் கேபிள் மாட்டப்படவில்லை. ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்றால் சுவிட்ச் ஒயர். சக்கரப் பக்கத்தில் எண்ணெய் சொட்டினால் டிரைவ் ஷாஃப்ட்டை நுழைக்கும்போது சீல் உதடு கிழிந்திருக்கிறது, சீலை மட்டும் மாற்றலாம். டிரைவ் ஷாஃப்டே நுழையவில்லை என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் உருவியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். சில கியர்பாக்ஸில் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் இடம் மாறிவிடும். டார்ச் அடித்து, விரலால் நேராக்கலாம்.

எல்லாம் சரி, தட்டில் ஒரு போல்ட் மிச்சம்

நீளத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸைச் சுற்றி வரும் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. மிஞ்சியது நீளமானது என்றால், அதன் ஓட்டையில் நீங்கள் குட்டையானதைப் போட்டிருக்கலாம், நாலே மரையில் பிடித்துக்கொண்டு நிற்கும். மிஞ்சியது குட்டை என்றால் அதைவிட ஆபத்து. எங்கோ நீளமான போல்ட் குட்டை ஓட்டையின் அடியை முட்டி நிற்கலாம். இறுகியதுபோலத் தோன்றும், இன்னும் முறுக்கினால் கூடு விரிசல் விடும். ஸ்டார்ட்டர், பின்பக்க மவுண்ட், கீழ்த் தகடு என்ற வரிசையில் தேடுங்கள். என் கணக்கில் பெரும்பாலும் கீழ்த் தகடுதான். அது இல்லாமலும் காடி ஓடும், ஆனால் செம்மண் உள்ளே போகும்.

அடுத்த தடவை கழற்றும்போது பழைய மைலோ பெட்டி அட்டையில் கியர்பாக்ஸ் படத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.